பழைய எஸ் கிளாஸ்: செலவு ரப்பரில் தொடங்கும்

புது ஹேட்ச்பேக் வாங்குகிற காசுக்கு மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் கிடைக்கிறது என்பது பொய்யில்லை. 2005 முதல் 2013 வரை வந்த டபிள்யூ221 தலைமுறையில், மூன்று லிட்டர் வி6 டீசல் போட்ட எஸ்320 சிடிஐயும் பின்னால் வந்த எஸ்350 சிடிஐயும் சென்னை, கோவை சந்தையில் அந்த விலைக்கு இறங்கிவிட்டன. ஆனால் இறங்கியது வண்டியின் விலை மட்டும்தான். அதன் ஷாக்கும் கம்ப்ரஸரும் கியர்பாக்ஸ் கணினிப் பலகையும், அன்று ஷோரூமில் காசோலை நீட்டியவரின் வசதிக்குப் போட்ட விலையிலேயே இன்றும் நிற்கின்றன.

இந்த வண்டிகளில் நிறைய டெல்லிப் பக்கத்திலிருந்து வருகின்றன. தலைநகர வட்டாரத்தில் பத்தாண்டு தாண்டிய டீசலும் பதினைந்தாண்டு தாண்டிய பெட்ரோலும் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015ல் சொன்னதை, உச்ச நீதிமன்றம் 2018ல் உறுதி செய்தது. அதன்பின் அங்கே விலை சரிந்த பெரிய டீசல்கள் ட்ரெய்லர் ஏறித் தெற்கே வந்தன. "ஓனர் ஓட்டியதே இல்லை சார், வெறும் நாற்பத்தைந்தாயிரம் கிலோமீட்டர்" என்று தரகர் சொல்வது சில சமயம் உண்மையாகவே இருக்கும். அது நல்ல செய்தி அல்ல. இரும்பு ஓடினால் தேயும். ரப்பர் நின்றாலே கெடும். பத்து வருடம் போர்ட்டிகோவில் நின்ற வண்டிக்கும் பத்து வருடம் ஓடிய வண்டிக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தின் வயது ஒன்றுதான்.

பழைய எஸ் கிளாஸில் லட்சக்கணக்கில் வரும் பில்களைப் பிரித்துப் பார்த்தால், அடியில் பெரும்பாலும் ஒரு சின்ன ரப்பர் இருக்கும். முதலில் செத்தது அதுதான். யாரும் கவனிக்காததால் அது பெரிய பாகத்தையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும். ஆகவே எந்த ரப்பர் எதைக் கொல்லும் என்று தெரிந்துவைத்திருப்பதே இந்த வண்டி வைத்திருப்பவருக்கான பாதிக் கல்வி.

முதலில் ஏர்மேட்டிக், அதாவது மெர்சிடிஸின் காற்று சஸ்பென்ஷன். இதில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. நான்கு மூலையிலும் காற்று நிரம்பிய ரப்பர் உறைகள்தான் இரண்டு டன் வண்டியைத் தாங்குகின்றன. வயதானதும் உறை மடிகிற இடத்தில் நுண்ணிய வெடிப்பு விழும், காற்று மெல்லக் கசியும். காலையில் வண்டியை எடுக்கும்போது கம்ப்ரஸர் ஓடி மீண்டும் தூக்கி நிறுத்திவிடுவதால் ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. கம்ப்ரஸர் அவ்வப்போது சில வினாடி ஓடுவதற்காகச் செய்தது. கசிவை ஈடுகட்ட நாள் முழுக்க ஓடினால் பிஸ்டன் ரிங் தேயும், காற்றை உலர்த்த உள்ளே வைத்திருக்கும் ஈர உறிஞ்சி நிறைந்துவிடும், அந்த ஈரம் நான்கு மூலைக்கும் காற்றைப் பிரித்துவிடும் வால்வு பிளாக்குக்குப் போய் அதையும் அரிக்கும். கடைசியில் கம்ப்ரஸரின் ரிலே ஒட்டிக்கொண்டு, சாவியை எடுத்த பிறகும் அது ஓடிக்கொண்டே இருக்கும். மறுநாள் காலையில் கம்ப்ரஸரும் இருக்காது, பேட்டரியும் இருக்காது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம், தையல்காரரின் டேப் போதும். மாலையில் சமதளத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்தபின், ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டு விளிம்புவரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காலையில் கதவைத் திறப்பதற்கு முன்பே மறுபடி அளக்க வேண்டும். கதவு திறந்தாலே கணினி விழித்துக்கொண்டு உயரத்தைச் சரிசெய்யத் தொடங்கிவிடும், அளவு பொய்யாகிவிடும். இரவுக் குளிரில் சில மில்லிமீட்டர் இறங்குவது இயல்பு. ஒரு மூலை மட்டும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் அந்த மூலையின் ஸ்ட்ரட்டையோ (காற்று உறையும் ஷாக்கும் சேர்ந்த தூண்) அதன் காற்றுக்குழாய் இணைப்பையோ பார்க்க வேண்டும். ஒரே அச்சின் இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்கினால் வால்வு பிளாக்கின் மேல் சந்தேகம் போகட்டும்.

அடுத்து உயரத்துக்கான பொத்தானால் வண்டியை உயர்த்தி, பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, ஸ்ட்ரட்டின் தலையில் குழாய் சேரும் இடம், ரப்பர் மடிப்பு, வால்வு பிளாக் மூன்றிலும் அடியுங்கள். உயர்த்தாமல் பார்த்தால் மடிப்பின் வெடிப்பு உள்ளே ஒளிந்துகொள்ளும். நுரை எங்கே மெல்லப் பொங்கி வளர்கிறதோ அங்கேதான் கசிவு. குழாய் இணைப்பில் மட்டும் பொங்கினால் அதிர்ஷ்டம், சில நூறு ரூபாயில் முடியும். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: காற்றை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக்கூடாது. ஜாக்கி ஸ்டாண்ட் போட்ட பிறகுதான் கை உள்ளே போக வேண்டும்.

முன் ஸ்ட்ரட் கம்பெனி ஷோரூமில் ஒன்றுக்கே ஒரு லட்சத்தைத் தாண்டும். உறையை மட்டும் மாற்றிப் புதுப்பித்தது முப்பதாயிரம் முதல் ஐம்பதாயிரத்துக்குள் கிடைக்கும். கடைக்குக் கடை விலை மாறும். புதுப்பித்ததை வாங்கினால் உள்ளே இருக்கும் டேம்பர் (ஷாக்) பழசு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு ஆண்டு வைத்திருக்கிறவருக்கு அது போதும். கம்ப்ரஸர் மாற்றினால் ரிலேயையும் கட்டாயம் சேர்த்து மாற்ற வேண்டும். சில நூறு ரூபாய் ரிலேயை விட்டுவிட்டுப் புதுக் கம்ப்ரஸரை ஆறு மாதத்தில் எரித்தவர்கள் உண்டு. கசிவை அடைக்காமல் கம்ப்ரஸரை மட்டும் மாற்றுவதும் அதே கதைதான்.

"இதெல்லாம் எதுக்கு சார், சுருள் ஸ்பிரிங் போட்டுடலாம்" என்று சொல்லும் ஒர்க்ஷாப்கள் இருக்கின்றன. போடலாம். எச்சரிக்கை விளக்கு நிரந்தரமாக எரியும், அல்லது கணினியை ஏமாற்ற ஒரு பெட்டி மாட்ட வேண்டியிருக்கும். எஸ் கிளாஸின் நடையும் போய்விடும். அப்புறம் அந்த வண்டியை எதற்கு வாங்கினோம்?

இன்ஜின் ஓஎம்642. நல்ல இன்ஜின், எண்ணெயை ஒழுங்காக மாற்றினால் மூன்று லட்சம் கிலோமீட்டர் அதற்குப் பெரிய விஷயமில்லை. எண்ணெய் சுமார் எட்டரை லிட்டர் பிடிக்கும். டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) உள்ள வண்டிக்கு 229.51 அல்லது 229.52 என்ற மெர்சிடிஸ் தர எண் டப்பாவின் பின்பக்கம் அச்சிட்டிருக்க வேண்டும். "ஐரோப்பியக் கார்களுக்கு ஏற்றது" என்ற பொது வாசகம் போதாது. பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். வண்டியின் மீட்டர் அதைவிட அதிகம் ஓடவிடச் சொல்லும். சென்னை நெரிசலுக்கு அந்தக் கணக்கு வேண்டாம்.

இந்த இன்ஜினின் தலைவலி, இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உள்ள 'வி' பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் ஆயில் கூலர். அதன் அடியில் இரண்டு ரப்பர் சீல். மேலே டர்போ, சுற்றிலும் கொதிக்கிற உலோகம். பழைய ஆரஞ்சு நிற சீல்கள் காலப்போக்கில் இறுகிப் பிளாஸ்டிக் போல ஆகிவிடும். கசிந்த எண்ணெய் பள்ளத்தில் தேங்கிப் பின்பக்கமாக வழிந்து, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் சொட்டும். கீழிருந்து பார்க்கும் மெக்கானிக்குக் கிராங்க்ஷாஃப்ட்டின் பின்பக்க சீல் போனது போலவே தெரியும். கியர்பாக்ஸை இறக்கி, நன்றாக இருந்த சீலை மாற்றி, திரும்ப ஏற்றிய மறுவாரமே அதே இடத்தில் சொட்டும். கூலியும் போச்சு, கசிவும் நிற்கவில்லை.

கியர்பாக்ஸில் கை வைக்குமுன் மேலிருந்து பள்ளத்துக்குள் ஒரு குட்டிக் கேமராவை விட்டுப் பாருங்கள். இன்று ஃபோனில் மாட்டுகிற போரோஸ்கோப் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. பள்ளத்தில் கறுப்பு எண்ணெய் குளம் கட்டியிருந்தால் கூலர் சீல்தான். சந்தேகம் தீரவில்லை என்றால் எண்ணெயில் யுவி சாயம் கலந்து இருநூறு கிலோமீட்டர் ஓட்டி, நீல விளக்கில் எங்கே ஒளிர்கிறது என்று பாருங்கள்.

சீல் இரண்டும் சேர்ந்து கைக்காசுதான், வேலைதான் பெரிது. டர்போவும் இன்டேக் மேனிஃபோல்டும் கழற்றியாக வேண்டும். பழக்கமான கைக்கே இரண்டு நாள் ஆகும். கூலியும் சில்லறைப் பாகங்களும் சேர்ந்து ஐம்பதாயிரத்தைத் தொடலாம். அதனால் திறந்த இடத்தில் செய்ய வேண்டியதையெல்லாம் அப்போதே செய்துவிட வேண்டும். வெப்பம் தாங்கும் விட்டான் ரப்பரில் வரும் புது ஊதா நிற சீல்கள், மேனிஃபோல்டு கேஸ்கெட்டுகள், இன்ஜினின் எண்ணெய் ஆவியை வெளியேற்றும் ப்ரீதர் குழாய், டர்போவின் காற்று நுழைவாயில் சீல், அதற்கு நேர் கீழே இருக்கும், உள்ளே போகும் காற்றைச் சுழற்றும் மடல்களை அசைக்கிற ஸ்வர்ல் மோட்டார்.

கடைசி இரண்டும் சேர்ந்தே பேசப்பட வேண்டியவை. டர்போ வாயின் சீல் தளர்ந்தால் ப்ரீதரிலிருந்து வரும் எண்ணெய் ஆவி அங்கே சொட்டுச் சொட்டாகக் கசிந்து நேராக ஸ்வர்ல் மோட்டாரின் தலையில் விழும். மோட்டார் எண்ணெய் குடித்துச் செத்தால் செக் இன்ஜின் விளக்கு எரியும், வண்டி இழுவை இல்லாமல் தவழும். மோட்டாரின் கனெக்டரில் ஒரு ரெசிஸ்டரைச் சொருகிக் கணினிக்கு "எல்லாம் சரி" என்று பொய் சொல்ல வைக்கும் வைத்தியம் எல்லா ஊரிலும் நடக்கிறது. விளக்கு அணையும், எண்ணெய் மட்டும் கசிந்துகொண்டே இருக்கும். வாங்கப் போகும் வண்டியில் அப்படி ஒரு ரெசிஸ்டர் மாட்டியிருப்பதைக் கண்டால், ஆயில் கூலர் வேலையும் பாக்கி என்று கணக்குப் போட்டு விலை பேசுங்கள்.

இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள செம்பு வாஷரும் இதே இனம்தான். ரப்பர் இல்லை, ஆனால் விலையும் குணமும் அப்படியே. வாஷர் விட்டுப்போனால் எரிந்த வாயு மேலே ஏறி, இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கெட்டியாகப் படியும். ஆரம்பத்தில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது "சக் சக்" என்று ஒரு மெல்லிய மூச்சு கேட்கும், உள்ளே ஏசியில் டீசல் வாடை வரும். அப்போதே கழற்றி, இன்ஜெக்டர் உட்காரும் குழியைச் சுத்தம் செய்து, புது வாஷரும் புது போல்ட்டும் போட்டால் ஒரு நாள் வேலை. பழைய போல்ட் ஏற்கெனவே நீண்டிருக்கும், திரும்பப் போடக்கூடாது. ஒரு வருடம் விட்டால் இன்ஜெக்டர் அந்தத் தாரில் இறுகிக்கொள்ளும். பிறகு அதை இழுக்கத் தனிக் கருவி, தனி ஆள், தனி விலை.

கியர்பாக்ஸ் 722.9, ஏழு கியர். "வாழ்நாள் எண்ணெய்" என்று யாராவது சொன்னால் யாருடைய வாழ்நாள் என்று கேளுங்கள். அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும், அடித்தட்டான பேனின் கேஸ்கெட்டும் மாற்ற வேண்டும். பேனை மட்டும் வடித்தால் ஐந்து லிட்டர் போல வரும், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் மீதி தங்கிவிடும். எண்ணெயில் இரண்டு வகை உண்டு: முந்தைய வண்டிகளுக்குச் சிவப்பு, பிந்தையவற்றுக்கு நீலம். ஒன்றுக்கு ஒன்று மாற்றல்ல, கலக்கவும் கூடாது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து எது என்று கேட்டே வாங்குங்கள். மட்டத்தை எண்ணெய் 45 டிகிரி இருக்கும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில், கீழ்த்துளையின் குழாய் வழியாக மெல்லிய தாரை சொட்டாக மாறும் நேரத்தில் மூடிப் பார்க்க வேண்டும். வெப்பத்தைக் கணினியில் படிக்காமல் கையால் தொட்டுப் பார்த்து மூடுகிற இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

இதன் கணினிப் பலகை கியர்பாக்ஸுக்கு உள்ளேயே, சூடான எண்ணெயில் குளித்தபடி இருக்கிறது. அதில் உள்ள வேக சென்சார் போனால் வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொள்ளும். அணைத்துப் போட்டால் சரியாகி, சூடானதும் திரும்ப மாட்டும். காயலான் கடையில் இன்னொரு வண்டியின் பலகையை வாங்கிப் போட முடியாது. திருட்டுக்குப் பயந்து அது வண்டியோடு பூட்டப்பட்டது. புதுசு போட்டுக் கோடிங் செய்தால் லட்சத்தை எட்டும். அதே பலகையைக் கழற்றி, சென்சாரை மட்டும் மாற்றிக் கொடுக்கும் மின்னணுப் பழுதுபார்ப்பவர்கள் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள், செலவு அதில் ஒரு பங்குதான். கோடிங் அப்படியே நிற்பதால் இந்த வழியே நல்லது.

முன் சக்கரங்களை வண்டியோடு இணைக்கும் ஆர்ம்களின் ரப்பர் புஷ்கள் நம் சாலையில் சீக்கிரம் போகும். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் புதுப் புஷ் எட்டு மாதத்தில் கிழிந்தால் அது சாலையின் குற்றமல்ல, போல்ட்டை முறுக்கிய நேரத்தின் குற்றம். லிஃப்ட்டில் சக்கரம் தொங்கும்போது போல்ட்டை முழுக்க இறுக்கினால், ரப்பர் அந்தத் தொங்கிய நிலையில் ஒட்டிக்கொள்ளும். வண்டி தரையில் நின்றதும் புஷ் முறுக்கிக்கொண்டே இருக்கும். சும்மா நிற்கும்போதும் பிழிந்த துணிதான். சக்கரம் தரையில் வண்டியின் எடையைத் தாங்கிய நிலையில், வண்டி வழக்கமான உயரத்துக்கு வந்த பிறகே கடைசி முறுக்கு. வேலை கொடுக்கும்போது இதை ஒரு வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். சொன்னதும் மெக்கானிக் முகத்தில் வரும் மாற்றமே அவருக்கு விஷயம் தெரியுமா என்று காட்டிவிடும்.

மின்சாரக் கோளாறு என்று வரும் பத்து எச்சரிக்கை விளக்குகளில் பாதிக்குக் காரணம் சோர்ந்த பேட்டரி. டிக்கியில் இருக்கும் ஏஜிஎம் பேட்டரிக்கு வயது ஐந்து ஆனதும், விளக்கு ஒவ்வொன்றுக்கும் பாகம் மாற்றத் தொடங்குமுன் அதை மாற்றிப் பழைய கோளாறுகளை அழித்துவிட்டு, எது திரும்ப வருகிறது என்று பாருங்கள். மீதிக்குத் தண்ணீர் காரணம். சன்ரூஃபின் வடிகால் குழாய்களிலும் வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்திலும் வேப்பிலைச் சருகு அடைத்துக்கொண்டால் மழைநீர் உள்ளே இறங்கும். கம்பளத்துக்கு அடியில் வரிசையாகக் கணினிப் பெட்டிகள். ஐப்பசிக்கு முன் ஒரு முறை மெல்லிய நைலான் கம்பியால் குத்தி, குவளைத் தண்ணீர் ஊற்றி, அது சக்கரத்துக்குப் பக்கத்தில் வடிகிறதா என்று பாருங்கள். காற்றழுத்தத்தால் ஊதாதீர்கள், உள்ளே குழாய் கழன்றுகொள்ளும்.

சென்னையில் வாங்கினால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையையும் நினைவில் வையுங்கள். பின் இருக்கை பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்து, சுருளின் அடிப்பகுதியில் வண்டல் கோடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அந்த இடத்தை யாரும் கழுவுவதில்லை.

பாகம் வாங்கும் வழி இது. பழைய பாகத்தில் 'ஏ' என்று தொடங்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்ம் செய்து கொடுத்தது லெம்ஃபோர்டர், ஏர் ஸ்ட்ரட்டில் பில்ஸ்டீன், ஃபில்டரில் மான் அல்லது மாலே, இன்ஜெக்டரில் போஷ். அதே தொழிற்சாலையின் சொந்தப் பெட்டியில் வாங்கினால் மெர்சிடிஸ் நட்சத்திரம் மட்டும் இருக்காது. சில லெம்ஃபோர்டர் ஆர்ம்களில் நட்சத்திரத்தை அரைத்து எடுத்த தழும்பைக்கூடப் பார்க்கலாம். புதுசுக்குச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, டெல்லி காஷ்மீரி கேட். கண்ணாடி, கதவுக் கைப்பிடி, பின் விளக்கு மாதிரி தேயாத சாமான்களுக்குச் சென்னையின் பழைய பாகச் சந்தையான புதுப்பேட்டை. ரப்பர் உள்ள எதையும் புதுப்பேட்டையில் வாங்காதீர்கள். நம்முடையது கிழிந்த அதே வயதில்தான் அதுவும் இருக்கும்.

காகிதச் செலவு சின்னதாகத் தெரியும், ஆனால் கடிக்கும். வெளிமாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்றும் தமிழ்நாட்டு ஆயுள் வரியும். வரியை நீங்கள் கொடுத்த மலிவு விலையை வைத்துப் போடுவார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஆர்டிஓவில் தொகையைக் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். பதினைந்தாண்டு முடிந்தால் ஆர்சி புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் காருக்கு 5,000 ரூபாய், முழுதாக இறக்குமதியானதற்கு 40,000 என்று ஆக்கினார்கள்; இன்றைய தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். புனேயில் பூட்டிய வண்டியா, கப்பலில் வந்ததா என்பதை ஆர்சியில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸில் வண்டியின் மதிப்பைக் குறைவாகப் போட்டால் பிரீமியம் குறையும். ஆனால் பழுதுச் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கணக்கிடுவார்கள். இரண்டு ஹெட்லைட்டும் ஒரு பம்பரும் போனாலே எஸ் கிளாஸ் அந்தக் கோட்டை நெருங்கிவிடும்.

கைக்கணக்கு ஒன்று. ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும் டீசல் டபிள்யூ221க்கு, வாங்கிய முதல் ஆண்டில் பாக்கி வேலைகளை முடிக்க மூன்று நான்கு லட்சம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். அதன்பின் டீசல், இன்சூரன்ஸ் நீங்கலாக ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ஒதுக்கினால் தூக்கம் வரும். முதல் தொகை கையில் இல்லாமல் வண்டியை மட்டும் வாங்குகிறவர்தான் கசிவை விட்டுவிட்டுக் கம்ப்ரஸரைத் தள்ளிப்போடுவார்.

பணம் இறுக்கமான ஆண்டில் எதை விடலாம் என்றும் சொல்ல வேண்டும். பின் கண்ணாடித் திரை மேலேறவில்லையா, விடுங்கள். கதவு தானாக உறிஞ்சி மூடவில்லையா, கையால் சாத்துங்கள். மசாஜ் சீட் ஒரு பக்கம் மட்டும் உப்பினால் வலது பக்கம் சாய்ந்து உட்காருங்கள். சோப்பு நுரை பொங்கிய இடத்தை மட்டும் அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள்.